பென்சிலில் விழாத எண்

விடிகாலை மூன்று மணிக்கு வேதாரண்யத்தில் கிளம்பும்போது குட்டியானை வண்டியின் பின்புறம் ஒரு புல்லட்டின் எலும்புகள் மட்டும் கிடந்தன. சேசிஸ், ஸ்விங் ஆர்ம், இரண்டு மட்கார்டு, இரண்டு டூல் பாக்ஸ், சென்டர் ஸ்டாண்டு, முன்விளக்கு உட்காரும் நாசில். எல்லாவற்றையும் பெரியம்மாவின் பழைய நூல் புடவைகளில் சுற்றிக் கட்டியிருந்தேன். பெட்ரோல் டேங்கை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அண்ணே, கோயமுத்தூரு வரைக்கும் மடியிலயேவா? அதையும் பின்னாடி போட்டுக் கட்டிடலாம்ண்ணே” என்றான் வண்டி ஓட்டிய தம்பி.

வேண்டாம் என்றேன். 1966இல் திருவொற்றியூர் ஆலையில் பூசிய கறுப்பு அந்த டேங்கில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. பெரியப்பாவின் முழங்கால்கள் உரசி உரசி, இரண்டு பக்கமும் தங்கக் கோடு பாதி அழிந்துபோயிருக்கும். மற்ற பாகங்களின் பழைய பெயிண்டை அழித்தவன் நான். 2014இல் அவற்றையெல்லாம் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். டேங்கில் எப்போதோ ஒழுகிய இடத்தை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். அடுப்புச் சூட்டில் ஈயம் இளகிவிடும் என்பதால் அதை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த ஒட்டு அன்றைக்கு டேங்கைக் காப்பாற்றிவிட்டது.

பெரியப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அகஸ்தியன்பள்ளிப் பாத்திகளுக்கும் கோடியக்கரைக்கும் இந்த வண்டியில்தான் போய்வருவார். உப்பு எடுக்கும் மாதங்களில் காற்றை நாக்கில் உணரலாம். இரும்புக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நனைத்த துணியால் குழாய் குழாயாகத் துடைப்பார். எங்காவது பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அன்றே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு சின்ன டப்பாவிலிருந்து கறுப்பு எடுத்துத் தொட்டு வைப்பார். அவருக்குப் பின் வண்டி எனக்கு வந்தது. அந்தப் பொறுமை வரவில்லை. பவுடர் கோட்டிங் போட்டால் துடைக்கவே வேண்டியதில்லை என்றார்கள். நம்பினேன்.

பவுடர் கோட்டிங்கில் தின்னர் இல்லை, ஈரம் இல்லை. காய்ந்த பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தூவுவார்கள். எர்த் கொடுத்த இரும்பில் அது போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து இருபது நிமிடம் அடுப்பில் வைத்தால், பொடி உருகிப் பரவி, உள்ளுக்குள் வேதிப்பிணைப்பு உண்டாகி இறுகும். அப்படி இறுகியதை மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அது நல்ல காப்பு, சந்தேகமே இல்லை. புது இரும்பில், முறையாகக் கழுவி பாஸ்பேட் ஏற்றிய பிறகு போட்டால் பல வருடம் நிற்கும். ஆனால் அதற்கு இரண்டு இடத்தில் பலவீனம். கூர்மையான விளிம்புகளில் உருகும்போது பின்வாங்கி மெல்லிசாகிவிடும். குழாயும் குழாயும் சேரும் உள்மூலைகளுக்குள் மின்புலம் நுழையாது. ஃபாரடே கூண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே விஷயம். பொடி வாசலிலேயே நின்றுவிடும். உப்பு போய் உட்காருவதும் அதே மூலைகளில்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. கொட்டகையின் ஓடுகள் வண்டிமேல் விழுந்தன. தென்னைகள் சாய்ந்து கிடந்த அந்த வாரங்களில் ஒரு பைக்கைப் பற்றி யார் நினைப்பார்கள்? மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கீழ்க்குழாயில் புளியங்கொட்டை அளவுக்குக் கோட்டிங் பெயர்ந்திருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உப்பியிருந்தது. நகத்தால் நெம்பினேன். வாழைமட்டை உரிவதுபோல் நீளமாக வந்தது. அடியில் பழுப்புத் தண்ணீர். வெளியே பளபளவென்று இருக்க, துரு உள்ளுக்குள்ளேயே நடந்து போயிருக்கிறது. பெரியப்பாவின் பெயிண்ட் கெட்டபோதெல்லாம் கெட்டது வெளியே தெரிந்தது. அதனால் அவரால் தொட்டு வைக்க முடிந்தது.

அப்போதும் நான் உடனே ஒன்றும் செய்யவில்லை. ஆர்.சி. புதுப்பிக்கும் நாள் வந்தபோதுதான் நெருக்கடி வந்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். புல்லட்டில் அந்த எண் ஹேண்டில் பார் நுழையும் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். ஆய்வாளர் இரண்டு தாள் மாற்றித் தேய்த்தார். வெறும் கருமைதான் விழுந்தது. இரண்டு கோட் பவுடர் உருகி எண்ணின் பள்ளங்களை நிரப்பிவிட்டது. “எண்ணு தெரியாம நான் எப்படி சார் எழுதறது?” என்று தன்மையாகத்தான் கேட்டார். அவர் கேட்டது சரி. ஐம்பது வருடம் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்திருக்கிறது. அதற்கும் சேசிஸ் அசலாக இருக்க வேண்டும். எண்ணைப் படிக்க முடியாத சேசிஸ் சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய இரும்பு.

வீட்டிலேயே சுரண்டியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் சுரண்டி வெறுமையாக்கிய இரும்பு மறுநாள் காலைக்குள் சிவந்துவிடும். காய்ந்த காற்று வேண்டும், பழகிய கை வேண்டும். அதனால்தான் கோவை.

தஞ்சாவூரைத் தாண்டும்போது இருள் பிரியவில்லை. திருச்சியில் விடிந்தது. அங்கிருந்து கரூர் வரை காவிரியின் தென்கரையை ஒட்டிய சாலை. குளித்தலைப் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வந்தன. நாகப்பட்டினத்திலிருந்து கோவை வழியாக மலையேறிப் போகும் இந்தத் தடத்துக்கு முன்பு 67 என்று ஒரே எண் இருந்தது. இப்போது துண்டு துண்டாகப் பல எண்கள். காங்கேயத்தில் களம் களமாகத் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. தம்பி வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். கஜாவில் அவன் வீட்டுத் தோப்பில் நாற்பது மரம் போனது. ஒன்றும் சொல்லாமல் கியரை மாற்றினான்.

குறிச்சி சிட்கோவில் அந்தப் பட்டறையைக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. பவுடர் கோட்டிங் போடுவதுதான் அங்கே முக்கியமான வேலை. போட்டதை எடுக்கவும் அவர்களுக்குத்தான் தெரியும். உரிமையாளருக்கு நாற்பது வயதிருக்கும். புடவையை அவிழ்த்து சேசிஸைச் சுற்றிவந்தார். சின்னச் சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிக் காது கொடுத்தார். பேட்டரி உட்காரும் இடத்துக்குக் கீழே சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். பிறகு உரிந்து தொங்கிய ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“ரெண்டு கோட்டுங்கண்ணா. அடியில பாஸ்பேட் போடவே இல்லீங்க. துரு மேலயே போட்டுட்டாங்க.”

“அடுப்புல வச்சு எரிச்சு எடுத்துடலாமா?”

“எடுக்கலாமுங்க. நானூறு டிகிரியில சாம்பலாயிரும். கேட்டுன்னா அப்படித்தான் பண்ணுவோம். அம்பது வருசத்து வண்டிங்க இது. குழா நெளிஞ்சா நான் என்ன பதில் சொல்றதுங்க?”

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு வழி என்று பிரித்தார். சேசிஸும் ஸ்விங் ஆர்மும் ஸ்டாண்டும் கனமான இரும்பு: முதலில் பெயிண்ட் ரிமூவர், அப்புறம் குருணை அடிக்கும் பிளாஸ்டிங். மட்கார்டு மெல்லிய தகடு, குருணை அடித்தால் ஒரு பக்கம் நீண்டு நெளிந்துவிடும், அதற்கு ரிமூவர் மட்டும். நாசில் அலுமினியம். ஆங்காங்கே காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கிற வழக்கமும் உண்டு. அலுமினியத்தை அதில் போட்டால் நுரைத்துக்கொண்டு உலோகமே கரையும். போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் அமிலத்தில் போடவே கூடாது என்றார். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் ஏறி, வெளியே ஒன்றும் தெரியாமல், ஒருநாள் பட்டென்று முறியவைக்கும்.

நேரடியாகக் குருணை அடித்தால் என்ன என்று கேட்டேன். பதிலுக்கு ஸ்டாண்டின் ஒரு மூலையில் அடித்துக் காட்டினார். பெயிண்ட் என்றால் பொடிப்பொடியாகச் சிதறும். பவுடர் ரப்பர் மாதிரி. குருணை பட்டுத் துள்ளித் துள்ளி வந்தது, கறுப்பு மங்கியதே ஒழியப் போகவில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் கோட்டிங் போவதற்குள் இரும்பு அடி வாங்கும். முதலில் ரிமூவர் எதற்கு என்று அப்போது புரிந்தது. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். அந்தப் பட்டறையில் ஆற்று மணல் கிடையாது, அலுமினியம் ஆக்ஸைடு குருணைதான். மணல் உடையும்போது கிளம்பும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி ஆளையே உருக்கிவிடும். மலிவு என்று மணலில் வேலை செய்யும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் மேல் ஆசை வைத்திருக்கிறவர்கள், வேலையைக் கொடுப்பதற்கு முன் அந்தக் குருணை மூட்டையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். நம் வண்டி பளபளக்க இன்னொருவர் மூச்சு கெட வேண்டாம்.

ரிமூவரும் சாதுவானது இல்லை. அதில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. ஏறக்குறைய 40 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மூச்சில் போனால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்ஸைடாக மாற்றுகிறது. மூடிய அறைகளில் வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அது கலந்த பெயிண்ட் ரிமூவரை வீட்டு உபயோகத்துக்கு விற்பதற்கு 2019இல் தடை வந்தது. இங்கே திறந்த முற்றத்தில், வேப்பமர நிழலில், வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினார்கள். கனத்த உறைகள், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, மூக்கில் வடிகட்டி முகமூடி. என்னைக் காற்றுக்கு எதிர்த்திசையில் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

களிம்பு போன்ற அதைப் பிரஷ்ஷால் கனமாகப் பூசி, ஆவியாகாமலிருக்க மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தினார்கள். ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு தாளுக்கு அடியில் கறுப்புத் தோல் சுருங்கியது, எழும்பியது, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் அலையலையாகப் பொங்கியது. மரத்தகட்டால் தள்ளினால் சுருள் சுருளாக விழுந்தது. ரிமூவர் பவுடரைக் கரைப்பதில்லை. அதற்குள் ஊறி அதை ஊதவைத்து, இரும்பிலிருந்து பிரித்துவிடுகிறது. இரண்டாம் கோட்டுக்கு மறுபடியும் பூச வேண்டியிருந்தது, உள்மூலைகளுக்கு மூன்றாம் முறையும்.

கழுத்துக் குழாயை அவர் ஆளிடம் விடவில்லை. அங்கே பிளாஸ்டிங்கும் கிடையாது. துளியளவு ரிமூவரைத் தொட்டு வைத்து, மூங்கில் குச்சியைச் சீவி என் கையில் கொடுத்தார். “நீங்களே எடுங்கண்ணா, உங்க வண்டி.” முகமூடி மாட்டிக்கொண்டு மண்டியிட்டேன். பள்ளங்களில் நிரம்பியிருந்தது மெழுகுபோல் வந்தது. முதலில் ஒரு வளைவு. பிறகு ஒரு குத்துக்கோடு. ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது. மூன்றாவது இலக்கம் சற்றே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கடைசி 7 மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருந்தது. எண் அச்சை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடித்தவரின் கை அது. புல்லட்டை உருவாக்கிய ரெட்டிட்ச் நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் கைகோத்துத் தொடங்கிய ஆலையில், அந்த வேலையைக் கற்றுக்கொண்ட யாரோ ஒருவர். இந்த எண்ணை அவர் அடித்த மறுவருடம், 1967இல், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஆலையே மூடப்பட்டது. திருவொற்றியூரில் சுத்தியல் நிற்கவில்லை. அந்த மனிதரின் சாய்ந்த கைமேல் இரண்டு கோட் பிளாஸ்டிக்கை நான் ஊற்ற வைத்திருந்தேன். குச்சியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பிளாஸ்டிங் முடிந்து சேசிஸ் வெளியே வந்தபோது மங்கிய வெள்ளி நிறம். சாக்கட்டி வட்டம் போட்ட இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். பேட்டரி அமிலமும் உப்பும் சேர்ந்து செய்த வேலை. அளந்து பார்த்ததில் குழாய்க்கு ஆபத்தில்லை. ஆனாலும் அவர் உடனே பிரைமர் அடிக்கவில்லை. நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, சூடான காற்றில் காயவைத்து, இரவு முழுக்க ஈரச்சாக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் பார்த்தால் குழிகளுக்குள் மட்டும் கறுத்த புள்ளிகள். உள்ளே உப்பு இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதன்மேல் என்ன பூசினாலும் உப்பு வெளியிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். மறுபடி கழுவி மறுபடி குருணை அடித்தார்கள். மூன்றாம் நாள் காலை புள்ளி ஒன்றும் இல்லை. வெறுங்கை படாமல் தூக்கிக்கொண்டு போய், ஒரு மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர் அடித்து முடித்தார்கள். இந்த மூன்று நாளும் கடற்கரையில் சாத்தியமே இல்லை.

பெயிண்ட் அங்கேயே அடித்திருக்கலாம். ஆனால் திரும்பும் வழியில் கரூர் இருக்கிறது. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஊர். தகட்டின்மேல் கையால் கோடு இழுக்கும் கண் இன்னும் அங்கே மிஞ்சியிருக்கிறது. சாலையோர ஷெட் ஒன்றில், கண்ணாடி பொருத்தாத பஸ் கூடுகளுக்கு நடுவே, அறுபது தாண்டிய பெயிண்டர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

டேங்கை மடியிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கறுப்புன்னா ஒரே கறுப்பு இல்ல தம்பி. இப்ப வர்ற டின்னு நீலம் அடிக்கும். இது சூடு பட்ட கறுப்பு.” பழைய ஆலைக் கறுப்பு அடுப்பில் சுட்ட எனாமல். ஆறு சிறு தகடுகளில் கலவையை மாற்றி மாற்றி அடித்து, காயவைத்து, டேங்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்தாவது தகட்டைக் காட்டித் தலையசைத்தார். மட்கார்டின் சின்னச் சின்னச் சொட்டைகளுக்கு மெல்லிசாகப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு இழைத்தார். எஞ்சின் உட்காரும் முகங்கள், பேரிங் கிண்ணங்கள், எர்த் வயர் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்தார். 6 வோல்ட் வண்டிக்கு எர்த் இடத்தில் ஒரு மெல்லிய படலம் போதும், விளக்கு மங்கிவிடும். பவுடர் போட்ட வருடங்களில் என் முன்விளக்கு ஏன் அழுது வடிந்தது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

டேங்க் நிறம் எனாமல்தான் என்றாலும், சேசிஸுக்கு அவர் அடித்தது இரண்டு டப்பாப் பெயிண்ட், ஹார்டனர் கலந்த பாலியுரித்தேன். அதில் ஐசோசயனேட் உண்டு. மூச்சுக் குழலைக் கெடுக்கக்கூடியது. முகமூடி இல்லாமல் ஸ்பிரே கன்னைத் தொடமாட்டேன் என்றார். இரண்டு மெல்லிய கோட். கழுத்துக் குழாயில் மட்டும் ஒரே கோட், எண் நிரம்பாத அளவுக்கு.  இது நாளைக்கு எங்காவது பெயர்ந்தால், ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அதே டப்பாவிலிருந்து தொட்டு வைக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மீதிக் கலவையை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹார்டனர் தனிச் சீசாவில்.

கடைசி நாள் டூல் பாக்ஸ் மூடிகளில் தங்கக் கோடு. நீள முடிப் பிரஷ், அணில் வால் முடியில் கட்டியது. திருவொற்றியூரிலும் டேங்கின் கோட்டைக் கையால்தான் இழுத்தார்கள். சுண்டுவிரலை மூடியின் விளிம்பில் ஊன்றி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு. வளைவில் உடம்பையே திருப்பினார். பிரஷ் நின்ற இடமும் தொடங்கிய இடமும் எங்கே சேர்ந்தன என்று தேடினாலும் கிடைக்கவில்லை. “டேங்குலயும் அழிஞ்ச எடத்துல போட்டுரவா?” என்று கேட்டார். இரண்டு பக்கத் தேய்மானத்தையும் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். வேண்டாம் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவினார்.

திரும்பும்போது தம்பி கேட்காமலேயே மெதுவாக ஓட்டினான். வேதாரண்யத்தை நெருங்க நெருங்க ஜன்னல் வழியே உப்பு வாசம் வந்தது. பாத்திகளில் வேலை தொடங்கியிருந்தது.

பத்து நாள் பெயிண்ட் இறுகட்டும் என்று விட்டு, ஒரு காலைப் பொழுதில் பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துத் தாளும் பென்சிலும் எடுத்தேன். கழுத்துக் குழாயில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டது அவர்தான். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். சாய்ந்த மூன்றாம் இலக்கம் விழுந்தது. ஆழமான 7 மற்றவற்றைவிட வெள்ளையாக, பளிச்சென்று விழுந்தது. பெரியப்பாவின் ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த பழைய பென்சில் பிரதி ஒன்று உண்டு, மஞ்சளேறிப்போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலக்கம் இலக்கமாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நனைத்த துணியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.